ராகு காலத்தில் நிறைந்த தண்ணீர்

எலுமிச்சம்பழங்கள் நசுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். டிரெய்லருக்குப் பின்னால் கடல் வடிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அங்கே தொடங்கிய கோபம் இது. மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் அடங்கவில்லை.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்காக யாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட வேண்டாம். மெதுவாக எழுதினாலும் நடந்ததைத்தான் எழுதுவேன்.

கிள்ளான் ஆறு கடலோடு சேரும் பக்கத்தில் ஒரு படகுப் பட்டறை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அங்கே படகு கழுவுகிறேன். படகு கழுவுவது என்றால் மேலே சோப்புப் போட்டுத் துடைப்பது என்று நினைப்பார்கள். அது வேறு ஆள் வேலை. என் வேலை அடியில். தண்ணீரில் கிடந்த படகை மேலே கொண்டுவந்து நிறுத்தியதும், அதன் வயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பேன். வாங்க வருகிறவர்கள் மேல்பக்கத்தைப் பார்த்து விலை பேசுவார்கள். வயிறு எனக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் தட்டினால் கனமான சத்தம் வரும், எந்த இடத்தில் காலிப் பானையைத் தட்டினது போல் சத்தம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கனமான சத்தம் வந்தால் உள்ளே தடுப்புப் பலகை இருக்கிறது, பாரம் தாங்கும். காலிச் சத்தம் வந்தால் அங்கே வெறும் ஓடுதான்.

பாய்மரப் படகில் ஒரு வகை உண்டு. வயிற்றுக்கு நடுவில், மீன் துடுப்பைக் கீழ்நோக்கி வைத்தது போல ஓர் இரும்புப் பாரம் தொங்கும். கீல் என்பார்கள். காற்று அடிக்கும்போது படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். தரைக்கு வந்தால் அதுவே தலைவலி. தட்டையான அடியுள்ள படகை டிரெய்லரில் எப்படியாவது ஏற்றிவிடலாம். கீல் உள்ளதை அப்படி ஏற்ற முடியாது. டிரெய்லரின் நடுவில் நீளமாக ஒரு பலகை இருக்கும். முழுப் பாரமும் கீல் வழியாக அந்தப் பலகையில்தான் இறங்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்புக் கைகள், நுனியில் மெத்தை வைத்து, படகு சாயாமல் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதுதான் அவற்றின் வேலை. தூக்குவது இல்லை. முன்னால் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். படகின் மூக்கு அதில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டவில்லை என்றால் பாரம் சக்கரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் சரியாக அமைய வேண்டுமானால் டிரெய்லர் ஆழமாகத் தண்ணீருக்குள் போக வேண்டும். அதற்குக் கடல் ஏறி நிறைந்திருக்கிற நேரத்தில் வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

டிரெய்லரை இழுப்பது என் மகன். நாற்பத்து மூன்று வயது. சொந்தமாக ஒரு பிக்கப் வைத்துக்கொண்டு, படகுகளைக் கிள்ளானிலிருந்து லூமூட், போர்ட்டிக்சன் என்று கொண்டுபோய் விடுகிறான். நல்ல ஓட்டுநர். ஒரே ஒரு குறை. வசதியானவர் யாராவது எதிரில் நின்றால் அவன் வாயில் 'சரி சார்' என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து வரவில்லை.

இந்தப் படகை வாங்கியவர் கோலாலம்பூரில் வக்கீல். நம்மவர். போர்ட்டிக்சனில் கடலோரமாக ஒரு வீடு வைத்திருந்தார். படகை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாராம். சனிக்கிழமை மனைவியோடு வந்தார். திங்கட்கிழமை பொது விடுமுறை, அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

சனிக்கிழமை அமாவாசை. அமாவாசையை ஒட்டிக் கிள்ளானில் கடல் எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சார், திங்கக்கெழம ஏழே முக்காலுக்குத் தண்ணி நெறையும். அப்புறம் எறங்க ஆரம்பிச்சிடும். ஏழு மணிக்கெல்லாம் இங்க இருந்தீங்கன்னா நல்லா ஏத்திடலாம்," என்றேன்.

"ஏழே முக்கால் ராகு காலத்துல வருதே, ஆன்டி. ஏழரைலேருந்து ஒம்போது," என்றார் அவர் மனைவி.

"அதனாலதாம்மா ஏழு மணின்னு சொல்றேன். ராகு காலம் பொறக்குறதுக்குள்ள படகு மேல நிக்கும். எனக்கும் ராகு காலம் தெரியும்."

வக்கீல் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓகேலா, ஆன்டி. நோட்டட்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நீ பேசியது என் காதில் விழவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் சிரிப்பு.

திங்கட்கிழமை ஆறரைக்கே நானும் மகனும் போய்விட்டோம். பாய்மரத்தை முந்தின நாளே இறக்கிப் படகின் மேல் படுக்க வைத்துக் கட்டியிருந்தான். ஏழு ஆனது. ஏழே முக்கால் ஆனது. தண்ணீர், படகை ஏற்றி இறக்கும் சாய்தளத்தின் மேல்கோடு வரைக்கும் வந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. படகு கயிற்றில் தயாராக மிதந்தது. வர வேண்டியவர்கள் வரவில்லை. மகன் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தான்.

"இப்பத்தான் பிரிக்பீல்ட்ஸ்ல ஐயர ஏத்திக்கிட்டுக் கெளம்புறாங்களாம். ஒம்போது மணிக்கு மேலதான் தொடங்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னு சொன்னேன்."

"தண்ணி எறங்கிடும்னு சொன்னியா?"

"மா, காலங்காத்தாலயே ஆரம்பிக்காதீங்கலா."

ஒன்பதுக்குச் சற்று முன்னால் வந்தார்கள். டிரெய்லருக்கு மஞ்சள், குங்குமம், மாலை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வக்கீலின் மனைவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். என் மகனுடைய பிக்கப்பும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித்தான் முதன்முதலில் ரோட்டுக்குப் போனது. நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டே. இவர்கள் ராகுவுக்குப் பயந்த ஒன்றரை மணி நேரத்தில் அது தன் பாட்டுக்கு நிறைந்து, தன் பாட்டுக்குத் திரும்பிவிட்டது. பூசை அரை மணி நேரம் நடந்தது. நான் சாய்தளத்து ஓரத்தில் நின்றுகொண்டு ஈரக்கோடு கீழே கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மேல் தப்பில்லை. கூப்பிட்டார்கள், வந்தார்.

பழங்கள் நசுங்க, கைதட்டலோடு மகன் டிரெய்லரைப் பின்னால் விட்டபோது மணி ஒன்பதே முக்கால். காலையில் இருந்ததைவிட ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீர் குறைந்துவிட்டது. சாய்தளத்தின் சிமெண்டு முடியும் இடம் வரைக்கும்தான் போக முடியும். அதற்குக் கீழே சேறு. போகிற வரைக்கும் போனான். படகைக் கயிற்றால் இழுத்து டிரெய்லர் மேல் கொண்டுவந்து, முன்னால் உள்ள, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைச் சுற்றினான். கீல் பலகையில் உரசுகிற சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது. மூக்குக்கும் ரப்பர்க் கட்டைக்கும் நடுவில் ஒரு முழம்.

"இதுக்கு மேல வர மாட்டேங்குது, சார்," என்றான் மகன்.

"பரவால்ல தம்பி. பெல்ட்டு போட்டுக் கட்டிடுங்க. பத்தரைக்கு எமகண்டம். அதுக்குள்ள கேட்டத் தாண்டிடணும்."

"சரி சார்."

கேட்டீர்களா?

மேட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினான். வக்கீல் குடும்பம் படகுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. நான் வழக்கம்போல் அடியில் போனேன். கீலின் பின்பாதி பலகையின் வால்நுனியில் நின்றது. பின்கைகள் இரண்டும் படகைத் தூக்கிக்கொண்டிருந்தன. அதுவும் காலிச் சத்தம் வருகிற இடத்தில். தட்டிப் பார்க்கவே தேவையில்லை, மெத்தை பட்ட இடம் உள்வாங்கிக் குழியாகியிருந்தது. வெளியே வந்து பிக்கப்பைப் பார்த்தேன். டிரெய்லரை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்க வேண்டும். இது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

இப்படி நின்ற ஒரு வண்டியை எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் முன்பு படகு இழுத்த ஓட்டுநர் ஒருவர், மூக்கு முட்டாத படகை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறக்கத்தில் போனார். டிரெய்லர் முதலில் லேசாக வாலை ஆட்டியதாம். பிறகு பலமாக. பிறகு அதுதான் வண்டியை ஓட்டியது. இப்போது காஜாங்கில் மகள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தே இருக்கிறார்.

"நிறுத்துங்க," என்றேன். "மூக்கு முட்டல. பாரம் பூரா பின்னால நிக்குது. ரோட்டுல வால ஆட்டும்."

"தம்பி ஸ்லோவாதான் போவாரு, ஆன்டி," என்றார் வக்கீல்.

"அவன் ஸ்லோவா போவான். பின்னால ரெண்டு டன்னு நிக்குதே, அதுகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

அவர் மனைவி பக்கென்று சிரித்துவிட்டார். வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது.

"நான் வீடியோவுல பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். பெல்ட்டு போட்டா அசையாது."

"அந்த வீடியோவுல ராகு காலம் முடியட்டும்னு காத்திருந்தாங்களா, சார்?"

"ஆன்டி, உங்கள இங்க கழுவுறதுக்குத்தான வச்சிருக்காங்க? கழுவுங்க. மத்தத ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

நான் ஆம்பளையைப் பார்த்தேன். என் மகன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். பக்கக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு ஸ்டீரிங்கைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். பதினைந்து வருடமாக இழுக்கிறவனுக்குத் தன் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியாதா? தெரிந்துகொண்டே இன்ஜினை முடுக்கினான். வக்கீல் மேல் வந்த கோபம் பாதி என்றால், அந்த நிமிடம் பெற்ற பிள்ளை மேல் வந்தது முழுசு.

என் வாளியை எடுத்து வந்து பிக்கப்புக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"மா, எந்திரிங்க."

"ஏத்திட்டுப் போ."

"மா, சார் பாக்குறாரு."

"அவரு பாக்கட்டும். நீ பின்னால பாத்தியா? பாத்தேன்னு சொல்லு. பாத்தேன், சரியாத்தான் நிக்குதுன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லு. நான் எந்திரிக்கிறேன்."

அவன் சொல்லவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பட்டறை முதலாளிக்குப் போன் போட்டார், முதலாளி எடுக்கவில்லை. பத்து மணி பத்து நிமிடம். அப்போதுதான் ஐயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தார். அன்றைக்கு என்னைத் தவிர அங்கே குனிந்த ஒரே ஆள் அவர்தான்.

"எனக்குப் படகப் பத்தி ஒன்னும் தெரியாது, சார். ஆனா இது பின்பக்கமா உக்காந்திருக்கிறது எனக்கே தெரியுது."

"எறக்கித் திரும்ப ஏத்தணும்னா நாளைக்குத்தான் முடியும். நாளைக்கு செவ்வாக்கெழம, சாமி," என்றார் வக்கீல். " செவ்வாயில எப்படிப் புதுசா தொடங்குறது?"

"சாமி," என்று நான் வாளியில் உட்கார்ந்தபடியே கேட்டேன். "பரஸ்தானம் வச்சா பயணம் தொடங்கின கணக்குத்தான?"

நல்ல நேரத்தில் புறப்பட முடியாமல் போனால், பயணப் பை ஒன்றை அந்த நேரத்துக்குள் வாசல் தாண்டி வேறொரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் பரஸ்தானம். ஆள் மறுநாள் போனாலும் அன்றைக்கே கிளம்பிய கணக்கு.

"தாராளமா," என்றார் ஐயர். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. "பூச ஆயிடுச்சு, வண்டி நகந்துடுச்சு, பையும் வெளிய போயிட்டா தோஷமே இல்ல."

வக்கீல் தன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பை வாசலுக்கு வெளியே இருந்த காவல்காரர் கொட்டகைக்குப் போய்விட்டது. நேப்பாளத்துக்காரரான அவர், உள்ளே பாம்பு இருப்பது போல் பையைத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த வக்கீல் என் பக்கம் பார்க்கவில்லை. மகனிடம் சொன்னார். "நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வராதீங்க."

"சரி சார்," என்றான் என் மகன்.

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

படகின் வாலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பின்கைகளைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் அவன்தான் முதலில் பேசினான்.

"என்னம்மா பண்றது? கஸ்டமரு. நான் அறுபதுலயே போயிருப்பேன்."

"அறுபதுல போனாத்தான் காஜாங்குல நாற்காலி போட்டு வச்சிருக்காங்களா?"

"அப்படிப் பேசாதீங்க."

"கஸ்டமரு சொன்னா எமன்கிட்டயும் சரி சார்னு ஏறி உக்காந்துருவ. ஒனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதுங்ககிட்டப் போயி, வக்கீலு கோவிச்சுக்குவாருன்னு செத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

வாசலில் என்னை இறக்கிவிட்டவன் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் என்னை ஏற்றிக்கொள்ளாமலே போனான். நான் பஸ் பிடித்துப் போனேன். பட்டறையில் எனக்கு வேலை. வக்கீலிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமில்லை. சாய்தளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேறொரு படகின் அடியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே பார்த்தேன்.

எட்டு மணிக்கே வக்கீல் மனைவியோடு வந்துவிட்டார். எட்டே காலுக்குத் தண்ணீர் மேல்கோட்டைத் தொட்டது. மகன் டிரெய்லரைப் பின்னால் விட்டு, இரும்புக் கைகளை இறக்கி, படகை மிதக்க விட்டான். பிறகு டிரெய்லர் சக்கரம் முழுவதும் மறையும் வரை உள்ளே போனான். இந்த முறை கீல் பலகையை உரசவே இல்லை. படகு, டிரெய்லரின் பின்னால் வழிகாட்டி நிற்கும் இரண்டு பக்கக் கம்பங்களுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு வந்து மூக்கால் ரப்பரை முட்டியது. வின்ச்சை இறுக்கிவிட்டு மெதுவாக முன்னால் இழுத்தான். சாய்வில் ஏறும்போது கீல் பலகையில் உட்காரும். உட்காரும்போது படகு கொஞ்சம் பின்னால் நழுவும். எப்போதும் நழுவும். அன்றைக்கும் நழுவியது.

"போதும் போதும், சூப்பர்," என்றார் வக்கீல். "இழுங்க, தம்பி."

நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

மகன் வண்டியை விட்டு இறங்கினான். முன்னால் போய்ப் பார்த்தான். "இல்ல, சார்," என்றான். "நாலு விரல் நழுவியிருக்கு. திருப்பி உள்ள விட்டுத்தான் இழுக்கணும்."

"நாலு விரல்தான?"

"நாலு விரல் இருந்தா நான் ஓட்ட மாட்டேன், சார்."

சத்தமாகச் சொல்லவில்லை. சாலாக் செலாத்தானுக்கு எந்த பஸ் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். இதைச் சொல்வதற்கு நாற்பத்து மூன்று வருடமும் ஒரு வாளியும் தேவைப்பட்டது என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. திரும்ப உள்ளே விட்டான், திரும்ப இறுக்கினான், மேட்டுக்குக் கொண்டுவந்து சமதரையில் நிறுத்தி மூன்றாம் முறையும் இறுக்கினான். மூக்கு முட்டியது. பிக்கப்பின் பின்பக்கம் அளவாக அமுங்கியது. இனிக் கைகளை ஏற்றிப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"மா!" என்று கத்தினான், வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "இங்க வாங்க. எங்க வைக்கணும்னு தட்டிச் சொல்லுங்க."

நான் சுரண்டிக்கொண்டிருந்த இடத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நிற்கட்டும், இரண்டு பேரும். போய்க் குனிந்து விரல் முட்டியால் தட்டினேன். பின்கைகளை ஒரு சாண் முன்னால் நகர்த்தச் சொன்னேன். கனமான சத்தம் வருகிற இடத்தில், தூக்காமல், தொட்டுக்கொண்டு நிற்கும்படி திருகினான். வக்கீலின் மனைவியும் என் பக்கத்தில் வந்து குனிந்தார். முந்தின நாள் விழுந்த குழி அப்படியே இருந்தது. கட்டைவிரல் நுழையும் ஆழம்.

"ஆன்டி, இது எப்படி வந்துச்சு?"

"நேத்து நல்ல நேரத்துல வந்ததும்மா," என்றேன்.

பெல்ட்டுகளைப் போட்டு, மூக்கில் சங்கிலி மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். வக்கீல் அவனுக்குக் கை கொடுத்தார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கிற வயதை நான் தாண்டிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எதிர்பார்த்தேன். அதனால்தான் இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. நெடுஞ்சாலையில் ஓய்விடத்தில் நிறுத்தியிருக்கிறானாம். பின்னால் லோரிகள் இரையும் சத்தம் கேட்டது.

"பெல்ட்டு ஒன்னும் தளரல, மா. ஆடவே இல்ல. கைய விட்டு ஓட்டலாம் போல இருக்கு."

"கைய விடாத. டிரெய்லர் சக்கரத்தத் தொட்டுப் பாத்தியா? உப்புத் தண்ணியில ரெண்டு நாளும் முங்கியிருக்கு, பேரிங்குல தண்ணி போயிருந்தா சூடேறிடும். சுடுதா?"

"லேசாத்தான்."

"தொட்டுப் பாத்துச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

சரி என்று சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு முட்டி மடக்கும்போது அவன் விடுகிற பெருமூச்சு.

"சும்மாத்தான் சொன்னேன், மா," என்றான். "இருங்க. இப்பத் தொடுறேன்."

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு சக்கரத்தையும் அவன் தொட்டு முடிக்கிறவரை நின்றேன்.